மீனவன் பேச்சும் பிறர் தராசும்

இத்தாலிய நவயதார்த்த சினிமா என்றதும் எம்மவர்களின் நாவில் முதலில் வருவது விட்டோரியோ டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. சத்யஜித் ராய் அதனை இலண்டனில் பார்த்த கதையும் கூடவே வரும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அப்படம் வெளியான அதே 1948ஆம் ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழாவில் இன்னொரு இத்தாலியப் படம் திரையிடப்பட்டது. லூக்கினோ விஸ்கொந்தியின் 'லா தெர்ரா த்ரேமா'. 'பூமி நடுங்குகிறது' என்பது அப்பெயரின் பொருள். சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், கட்டானியா நகருக்கு அருகிலுள்ள அச்சி திரேத்ஸா என்ற மீனவக் கிராமத்தின் கதை அது. உலக சினிமா பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இப்படத்தின் பெயரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கண்ட இடங்களிலும் 'நீண்ட படம், பொறுமை வேண்டும்' என்ற எச்சரிக்கையைத் தாண்டி அதிகம் இருந்ததில்லை.

அண்மையில் இப்படம் பற்றிய உரையாடலொன்றில், நல்ல வாசிப்பும் இரசனையும் உள்ள ஒருவர் தமது தீர்ப்பை வழங்கினார். படம் அருமையானதுதான், ஆனால் இத்தாலியர்களுக்கே விளங்காத ஒரு பேச்சுமொழியில் அதனை எடுத்தது இயக்குநரின் பெரும்பிழை, பொதுமொழியில் எடுத்திருந்தால் படமும் பிழைத்திருக்கும், மீனவர்களின் கோரிக்கையும் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும் என்றார். கூடியிருந்தோர் பலரும் தலையசைத்தனர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் அடிப்படையிலேயே கோணலானது என்பது எனது கருத்து. அதனை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலாஸ்த்ரோ குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்வது. இரவெல்லாம் கடலில் கிடந்து கொண்டுவரும் மீனுக்கு விலை வைப்பவர்கள் கரையில் காத்திருக்கும் மொத்த வியாபாரிகள். தராசு அவர்களுடையது, விலையும் அவர்களுடையதே. குடும்பத்தின் மூத்த மகன் ந்தோனி ஒருநாள் பொறுமையிழக்கிறான். அவனும் மற்ற இளைஞர்களும் தராசுகளைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். கைதாகிறார்கள். அவர்களை வெளியே எடுக்க முயற்சி செய்பவர்களும் அதே வியாபாரிகள்தாம். மீன்பிடிக்க ஆள் வேண்டுமல்லவா?

வெளியே வந்த ந்தோனி, வீட்டை வங்கியில் ஈடு வைத்து, வியாபாரிகளைச் சாராமல் சொந்தமாகத் தொழில் செய்ய முற்படுகிறான். கடல் ஒருமுறை வாரி வழங்குகிறது. வீடு முழுவதும் கூடி நெத்தலியைப் பீப்பாக்களில் உப்பிட்டு அடுக்குகிறது. அதற்குப் பிறகு வருவது புயல். கடனைக் கட்டவேண்டிய நெருக்கடியில், காலநிலையைப் பாராமல் கடலுக்குப் போனவர்களின் வள்ளம் சிதைகிறது. ஊரில் எவரும் அவர்களுக்கு வேலை கொடுப்பதில்லை. உப்பிட்ட நெத்தலியை வியாபாரிகள் சொல்லும் அடிமாட்டு விலைக்கே விற்கவேண்டி வருகிறது. தம்பி கோலா ஊரைவிட்டுப் போகிறான். தங்கை லூசியாவின் பெயர் கெடுகிறது. மூத்த தங்கை மாராவின் காதல் வறுமையின் கூச்சத்தில் கருகிப்போகிறது. வீட்டை வங்கி எடுத்துக்கொள்கிறது. இறுதியில் ந்தோனி, தன் சிறு தம்பியரையும் அழைத்துக்கொண்டு, அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் பெயர் கொடுக்கப் போகிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அவன் அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மீண்டும் துடுப்பைப் பிடிக்கிறான்.

இக்கதையின் வேர் ஜியோவன்னி வெர்கா 1881இல் வெளியிட்ட 'மலவோல்யா குடும்பம்' என்ற நாவலில் உண்டு. ஆனால் வெர்காவின் நாவலில் குடும்பத்தை வீழ்த்துவது பெரும்பாலும் விதியும் கடலும். விஸ்கொந்தி விதியைக் கீழிறக்கி, அதன் இடத்தில் தராசை வைத்தார். நாவலின் முடிவில் இளைய பேரன் ஒருவன் பழைய வீட்டை மீட்டெடுக்கிறான். படத்தில் வீடு மீளவில்லை. ஒரு படைப்பாளி மூலநூலை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இப்போது பிணக்குக்குரிய விடயத்துக்கு வருகிறேன். இப்படத்தில் தொழில்முறை நடிகர் ஒருவரும் இல்லை. மீனவர்கள், கூலியாட்கள், கொத்தனார்கள், மீன் வியாபாரிகள் என அனைவரும் அவ்வூரவரே. 1947இன் பிற்பகுதியிலிருந்து 1948வரை விஸ்கொந்தி அங்கேயே தங்கிப் படம்பிடித்தார். பிற்காலத்தில் தாமே பெரும் இயக்குநர்களாக விளங்கிய பிரான்செஸ்கோ ரோசியும் பிராங்கோ செபிரெல்லியும் அவரது உதவியாளர்களாக இருந்தனர். எழுதிவைத்த வசனம் கொண்டு அவர் வரவில்லை. ஒரு காட்சியின் நிலைமையை விளக்குவார். இந்த நிலையில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அம்மனிதர்களையே கேட்பார். அவர்கள் தமது பேச்சில் சொல்வது வசனமாகிவிடும். ஏழைகளின் மொழி சிசிலியில் இத்தாலியம் அல்ல என்ற அறிவிப்பு படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் வருகிறது.

இதனை ஓர் இயக்குநரின் பிடிவாதம் என்று கொள்வோர் இத்தாலியின் மொழி வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். இத்தாலி ஒரே அரசாக ஒன்றிணைந்தது 1861இல். அவ்வேளை, இத்தாலிய மொழியைப் பயன்படுத்தக்கூடியவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்று மொழியியலாளர் துல்லியோ டி மாவ்ரோ 1963இல் வெளியிட்ட தமது நூலில் மதிப்பிட்டார். பின்வந்த அறிஞர்கள் அதனை நூற்றுக்குப் பத்துவரை உயர்த்தினார்கள். பத்தென்றே வைத்துக்கொண்டாலும், மிகுதித் தொண்ணூறு பேரும் தத்தம் வீட்டுப் பேச்சிலேயே அழுதார்கள், சிரித்தார்கள், கடன் வாங்கினார்கள். பொதுமொழி என்பது பாடசாலையும் பட்டாளமும் பத்திரிகையும் கச்சேரியும் மேலிருந்து இறக்கிய மொழி. முசோலினியின் ஆட்சி அதனை மேலும் இறுக்கியது. 1930இல் வெளிநாட்டுப் படங்களில் அந்நியமொழிப் பேச்சு ஒலிப்பதற்கே தடை விதிக்கப்பட்டது. இத்தாலியின் பெயர்பெற்ற குரல்மாற்றுத் தொழில் அத்தடையின் நிழலில் வளர்ந்த மரம். உள்நாட்டு வட்டாரப் பேச்சுக்களும் அந்த ஆட்சியின் கண்ணில் நாட்டொருமைக்கு ஊறு செய்பவையாகவே பட்டன.

ஆக, முசோலினி வீழ்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், ஒரு மீனவன் திரையில் தன் பேச்சைப் பேசுவது சாதாரண விடயமன்று. 'பொதுமொழியில் எடுத்திருந்தால் பிழைத்திருக்கும்' என்பவர், மொழி என்பது பொருளைப் பொதிந்துதரும் காகிதம், எந்தக் காகிதத்தில் சுற்றினாலும் பொருள் அதேதான் என்று எண்ணுகிறார். ந்தோனி இத்தாலியப் பொதுமொழியில் சரளமாக வாதாடக்கூடியவனாக இருந்திருந்தால் அவன் அந்த ந்தோனி அல்ல. வியாபாரியிடமும் வங்கியிடமும் அவன் தோற்பதற்கான காரணங்களுள், அவன் பேச்சு அவன் கரையைத் தாண்டிச் செல்லாது என்பதும் ஒன்று. அந்த இயலாமையை எடுத்துவிட்டு அவன் கதையைச் சொல்லலாம் என்பது, உப்பை எடுத்துவிட்டுக் கருவாடு போடலாம் என்பதற்கு ஒப்பானது.

படத்துக்கு நேர்ந்த கதியையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி கொடுத்த பணத்துடனேயே வேலை ஆரம்பமானது. 1948 ஏப்ரல் 18ஆம் திகதி நடைபெறவிருந்த பொதுத்தேர்தலுக்குப் பயன்படக்கூடிய ஓர் ஆவணப்படமே எதிர்பார்க்கப்பட்டது. தேர்தலில் இடதுசாரிகள் தோற்றார்கள். விஸ்கொந்தியோ ஆவணப்படத்தைக் கைவிட்டு, ஏறக்குறைய 160 நிமிடம் ஓடும் பெருங்காவியம் ஒன்றில் இறங்கியிருந்தார். கட்சிப் பணம் போதவில்லை. தம் கைப்பணத்தையும் போட்டார். கடல், சுரங்கம், வயல் என மூன்று பாகங்களாகத் திட்டமிட்டதில் கடற்பாகம் ஒன்றுதான் முடிந்தது. வெனிஸ் விழாவில் பரிசொன்று கிடைத்தபோதிலும் திரையரங்குகளில் படம் தோற்றது. பின்னர் நீளத்தை வெட்டி, மீனவர்களின் குரலை அகற்றி, இத்தாலியப் பொதுமொழிக் குரல்களைப் பொருத்தி ஒரு பதிப்பை வெளியிட்டார்கள். அதுவும் ஓடவில்லை. பொதுமொழியில் எடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற வாதத்துக்கு வரலாறே அளித்த விடை இது. வாதிடுவோர் இந்தப் பகுதியை மட்டும் ஏனோ வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அதே 1948 வெனிஸ் விழாவில் தலைமைப் பரிசைப் பெற்ற படம் எது தெரியுமா? லோரன்ஸ் ஒலிவியேயின் 'ஹம்லெட்'. ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் பழமையான ஆங்கிலம். ஆங்கிலேயருக்கே உரைநூல் வேண்டும். அதனை இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றியிருந்தால் கூடுதலானோருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எவராவது ஒலிவியேக்கு அறிவுரை வழங்கினார்களா? இல்லை. இளவரசனின் பேச்சு விளங்கவில்லை என்றால் குறை எமது கல்வியில். மீனவனின் பேச்சு விளங்கவில்லை என்றால் குறை அவனது வாயில். இந்த இரட்டை அளவுகோலுக்கு இரசனை என்று பெயர் சூட்டியிருக்கிறோம். நான் அதனைத் தராசு என்பேன். கரையில் மீனை நிறுத்தவன் வியாபாரி. கொட்டகையில் பேச்சை நிறுப்பவர்கள் நாம். இரண்டு இடத்திலும் தராசு விற்பவன் கையில் இல்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆட்சேபங்கள் கவனத்துக்குரியவை.

முதலாவது, விஸ்கொந்தி யார் என்பது. மிலானின் புகழ்பெற்ற பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். வறுமையை அவர் ஓவியமாக்கிவிட்டார், பாறைமேல் கறுப்புத் துணி போர்த்தி வள்ளங்களுக்காகக் காத்து நிற்கும் பெண்கள் கிரேக்க நாடகப் பாத்திரங்கள் போலத் தெரிகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று தொட்டு உண்டு. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸின் 1948இலேயே இப்படத்தின் காட்சி அழகை வியந்து எழுதியவர்; ஆனாலும் பொதுப் பார்வையாளர் சலிப்படைவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒளிப்பதிவாளர் ஜி. ஆர். அல்டோவின் கமெரா மெல்ல நகர்வது மெய்; காட்சிகள் நீள்வதும் மெய். ஆனால் ஏழையை அழகாகக் காட்டுவது எப்படிக் குற்றமாகும்? அரண்மனையை அழகாகக் காட்டுபவனிடம் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. வறுமை அழுக்காகவும் அவசரமாகவும் கமெரா ஆடியும்தான் படமாக்கப்பட வேண்டும் என்பதும் ஒருவகை இளக்காரமே. பிரபு என்பதற்காக அவரைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தப் பிரபு மீனவர்களின் வாயில் தமது வசனத்தைத் திணிக்கவில்லை. வறியவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் எத்தனை பேர் அந்த அளவு அடக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள்?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. படத்தினூடே இத்தாலியப் பொதுமொழியில் ஒரு வர்ணனைக் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மீனவனுக்கு அவன் பேச்சு, எமக்கு விளக்கம் சொல்லப் படித்தவரின் குரல். இது முரண்பாடல்லவா? ஆம், முரண்பாடுதான். படத்தின் பலவீனமான இடமும் அதுவே. காட்சியில் தெளிவாகத் தெரிவதையே சில இடங்களில் அக்குரல் திருப்பிச் சொல்கிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறக்கூடாது. வர்ணனை பேச்சுக்கு அருகே நிற்கிறது. அடியில் ஓடும் எழுத்தும் அவ்வாறே. மீனவனின் குரல் அங்கேயே இருக்கிறது. விரும்பினால் நாம் அதனைக் கேட்கலாம். குரல்மாற்றமோ அவனது தொண்டையையே எடுத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பை நான் எதிர்க்கவில்லை. மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் எனக்கே இப்படம் எட்டியிராது. நான் எதிர்ப்பது இடமாற்றத்தை.

இந்த இடமாற்றம் நல்ல படைப்பாளிகளின் படங்களிலும் நிகழ்ந்தது. விட்டோரியோ டி செட்டா 1961இல் எடுத்த 'பந்தித்தி அ ஒர்கோசோலோ' சார்டினியத் தீவின் மலைக்கிராமம் ஒன்றின் கதை. அதிலும் மெய்யான இடையர்களே நடித்தார்கள். செய்யாத குற்றத்துக்காகப் பொலிஸாரால் தேடப்படும் இடையன் ஒருவன் மந்தையுடன் மலையேறுகிறான். ஆடுகள் ஒன்றொன்றாக மடிகின்றன. இறுதியில் தன்னைப் போன்ற இன்னோர் இடையனையே கொள்ளையிடும் நிலைக்குத் தாழ்கிறான். மிகச்சிறந்த படம். ஆனால் அவ்விடையர்களின் சார்டினியப் பேச்சு அதில் இல்லை. இத்தாலியப் பொதுமொழிக் குரல் பொருத்தப்பட்டது. முகத்தில் மலையின் காற்றும், வாயில் ஒலிப்பதிவுக் கூடத்தின் காற்றுமாக அம்மனிதர்களைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் சங்கடம் சொல்லி முடியாது.

இன்னும் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1978இல், எர்மானோ ஒல்மி 'மரச் செருப்பு மரம்' என்ற படத்தைக் கொண்டுவந்தார். பெர்காமோப் பிரதேசத்துக் குத்தகைக் குடியானவர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால வாழ்க்கை அது. நடித்தவர்கள் அப்பிரதேசத்துக் கமக்காரர். பேசியது பெர்காமோப் பேச்சு. நீளம் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்கும் மகனுக்குச் செருப்புச் செய்யப் பண்ணையாரின் மரமொன்றைத் தகப்பன் இரகசியமாக வெட்டுகிறான். அக்குற்றத்துக்காகக் குடும்பமே வண்டியேறி வெளியேறுகிறது. அந்த ஆண்டு கான் விழாவில் தங்கப் பனையோலை விருது அப்படத்துக்கே கிடைத்தது. விஸ்கொந்தியைத் தோற்கடித்ததாகச் சொல்லப்பட்ட அத்தனை 'பிழைகளும்', நீளம், நிதானம், ஊர்ப்பேச்சு உட்பட, முப்பது ஆண்டுகளின் பின் முடிசூட்டப்பட்டன. அதைக் காண விஸ்கொந்தி இருக்கவில்லை. 1976இல் அவர் காலமாகிவிட்டார்.

இத்தனையையும் ஓர் இத்தாலிய விவகாரமாக மட்டும் எண்ணி நாம் ஒதுங்கிவிட முடியாது. இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். சிறுகதையிலும் நாவலிலும் உழைக்கும் மக்களின் பேச்சை எழுத்தாளர்கள் கையாண்டபோது, பண்டிதர் தரப்பு அதனை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கியது. அந்த விவாதத்தில் முற்போக்கு எழுத்தாளர்கள் வென்றார்கள் என்றே இலக்கிய வரலாறு எழுதுகிறோம். மெய்யாகவே வென்றோமா? ஈழத்துப் படமொன்றோ குறும்படமொன்றோ வெளிவரும் ஒவ்வொரு தடவையும், பேச்சு பிறருக்கு விளங்குமா, சற்று மாற்றினால் சந்தை பெரிதாகுமே என்ற யோசனை எம்மவரிடமிருந்தே கிளம்புகிறது. அன்று பண்டிதர் இலக்கணத்தின் பெயரால் சொன்னதை இன்று நாம் சந்தையின் பெயரால் சொல்கிறோம்.

பத்திரிகைத் தொழிலில் இதன் இன்னொரு முகத்தைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கரையோரத்திலிருந்து பிரதேச நிருபர் ஒருவர் செய்தி அனுப்புவார். மீனவர் ஒருவர் வலை அறுந்ததையும், முற்பணம் தந்த முதலாளிக்கே மீனைக் கொடுக்கவேண்டியிருப்பதையும் தன் வாயால் சொல்லியிருப்பார். ஆசிரியபீடத்து மேசையைக் கடந்து அச்சேறும்போது அது 'மீனவர்கள் பல்வேறு பொருளாதார இடர்ப்பாடுகளுக்கு முகங்கொடுத்து வருவதாகத் தெரிவிக்கப்படுகிறது' என்றாகியிருக்கும். யார் தெரிவித்தார்? யாருக்கு முகங்கொடுக்கிறார்? முதலாளி எங்கே போனார்? பேச்சைத் திருத்தும்போது இலக்கணப்பிழை மட்டும் நீங்குவதில்லை, குற்றவாளியும் நீங்கிவிடுகிறார். இதற்காக நான் மேசையில் சண்டை பிடித்ததும் உண்டு. பக்கம் நிரம்பிவிட்டது, நேரம் போய்விட்டது என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது. ஆகவேதான் ந்தோனியின் வாயை எவரும் திருத்தவேண்டாம் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

படத்தில் ஒரு காட்சி. எல்லாம் இழந்தபின் ந்தோனி சிதைந்த தன் வள்ளத்தைப் பார்க்கப் போகிறான். அங்கே ஒரு சிறுமி நிற்கிறாள். தன்னால் இயன்றால் அவனுக்கு உதவியிருப்பேன் என்கிறாள். அவளிடம் அவன் மனம்திறந்து பேசுகிறான்: நாம் ஒருவரையொருவர் தாங்கக் கற்றுக்கொள்ளாதவரை முன்னேற வழியில்லை என்பது அவன் பேச்சின் சாரம். மேடைப் பேச்சாளன் ஒருவன் பொதுமொழியில் சொல்லியிருந்தால் சுவரொட்டி வாசகமாகத் தேய்ந்துபோயிருக்கும் ஒரு கருத்து, அந்தத் தயக்கமான ஊர்ப்பேச்சில், தோற்றுப்போனவனின் வாயிலிருந்து வரும்போது நம்பத்தக்கதாகிறது. அவன் அதைப் படித்துச் சொல்லவில்லை; பட்டுச் சொல்கிறான்.

ஆகவே படம் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு எனது வேண்டுகோள் இதுதான். இறுவட்டாகவோ இணையத்திலோ தேடும்போது, வெட்டிக் குறுக்கிக் குரல் மாற்றிய பதிப்பு கைக்கு வந்தால் அதனை ஒதுக்கிவிடுங்கள். ஏறக்குறைய 160 நிமிடம் ஓடுகின்ற, சிசிலியப் பேச்சுள்ள முழுப் பதிப்பையே தேடுங்கள். முதல் அரைமணித்தியாலம் சிரமமாக இருக்கும். அடியில் ஓடும் எழுத்தை வாசித்தபடியே காதையும் திறந்து வைத்திருங்கள். அந்தப் பேச்சு எமக்காகப் பேசப்பட்டதன்று. அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்க எமக்கு ஓர் இடம் தரப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் இருந்துகொண்டு 'கொஞ்சம் விளங்கும்படி பேசுங்கள்' என்று அதட்டுவது வியாபாரிகளின் வழக்கம். அதை அவர்களோடேயே விட்டுவிடுவோம்.